கூட வந்தவர்

பேசக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடுமாம். காலை ஆட்டினால் காலுக்கு. அப்புறம் ஸ்கேன் படம் சரியாக விழாது.

"முப்பது வருசமா என்னால முடியாததை ஒரு ஊசியில முடிச்சிட்டீங்களேம்மா" என்று நர்ஸிடம் சொன்னார் படுத்திருந்தவளின் கணவர் சோலைமலை.

நர்ஸ் சிரித்தாள். கட்டிலில் அவளும் சத்தம் வராமல் சிரித்தாள்.

கதவைச் சாத்தினார்கள். அவர் வெளியே.

சின்ன அறை. ஏசி குளிர். நர்ஸ் போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினாள். பேசக் கூடாது என்ற சட்டம் நர்ஸுக்கு இல்லை.

"இன்னைக்கு ராத்திரி வரைக்கும் கைக்குழந்தை, மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போயிராதீங்கக்கா. சார் போன வாரமே போன் பண்ணிக் கேட்டுட்டாரு. பொண்ணைக்கூட மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டதாச் சொன்னாரு."

அவள் நர்ஸையே பார்த்தாள்.

"பயப்படாதீங்கக்கா. அஞ்சு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தாலும் இப்போ நல்ல மாத்திரையெல்லாம் இருக்கு. எலும்போட நிக்குதா, வேற எங்கயும் போயிருக்கான்னு பாக்கத்தான் இது."

விளக்கைக் குறைத்துவிட்டு நர்ஸ் போனாள்.

கேட்க முடியவில்லை. கேட்க வாய் திறக்கக் கூடாது.

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. இதுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சோலைமலைதான் சொன்னார். வெறும் தேய்மானம். ஒரு பெரிய ஸ்கேன் எடுத்துவிட்டு மூட்டை மாற்றிவிடலாம்.

எவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

மறுநாளே தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், மாவு மில்லில், எல்லோரிடமும் சொன்னாள். எனக்கு மூட்டுத் தேய்மானம்தான்! கல்யாணச் செய்தி போல.

தேங்காய் சிதறியபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து ஒரு சில்லை எடுத்து ஊதி, வாயில் போட்டுக்கொண்டார்.

மகள் கயல் ஒரு வீடியோ காட்டினாள். மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டி ஒருத்தி பழனி மலைப் படி ஏறினாள். உலோக மூட்டா, பீங்கான் மூட்டா என்று மருமகன் சாப்பாட்டு மேஜையில் விவாதம் நடத்தினார். பீங்கான்தான் வேண்டும் என்று இவள் சொன்னாள். ரசம் கொட்டாத கிண்ணமாகப் பார்த்து வாங்கலாம் என்றார் சோலைமலை. சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு.

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கயலுக்கு இது ஐந்தாம் மாதம். போன முறை ஒரு கீமோவுக்குக்கூடத் துணைக்கு வராமல் இருந்ததில்லை அவள். அவளை ஞாயிற்றுக்கிழமை மாமியார் கூப்பிட்டாராம். இவள்தான் முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். ஆட்டோ வரை போனவள் திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். மாசமாக இருந்தால் அழுகை வரத்தான் செய்யும் என்று இவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அசையக் கூடாது.

நோயை அவள் நினைக்கவில்லை. அது சொல்லாமல்தான் வரும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, கடைசி கீமோ முடிந்த அன்று, அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மறுபடி வந்தால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் இன்னொரு முறை தாங்குவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்வேன்.

அவர் சத்தியம் செய்தார். அவள் தலையில் கை வைத்து.

அப்போது அந்தத் தலையில் ஒரு முடி கிடையாது. உள்ளங்கையின் சூடு நேராக இறங்கியது. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஸ்கேன். மூச்சை இழு என்றது இயந்திரம். இழுத்தாள். விடு என்றது. விட்டாள்.

வெளியே வந்தபோது சோலைமலை பொங்கல் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்தவளுக்காக, மிளகைப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்.

இடுப்புப் படம் நன்றாக விழுந்திருக்கும், அடுத்த மாதம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவ்வளவு நன்றாக அவருக்குப் பொய் சொல்ல வரும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது.

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. வேறொரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரிகளில் இது வழக்கம். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, துணைக்கு வந்தவரிடம்தான் டாக்டர் பேசுவார். துணைக்கு வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமில்லை என்பார்.

"இந்தம்மா கூட வந்தவங்க யாரு? டாக்டர் கூப்பிடுறாரு."

சோலைமலை பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டாள். இடுப்பு சுரீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் வரலைம்மா. நான் தனியாத்தான் வந்தேன்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள்.

அவள் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள்.