கூண்டில் வளர்ந்தவை

வலைக்கூண்டின் துணியாலான வாய் வழியே மங்கை கையை உள்ளே விட்டாள்.

பெண் கொசுக்கள் வந்து அமர்ந்தன. அவள் கையை அசைக்கவில்லை.

இவற்றின் முதல் தலைமுறை, தங்கை சொர்ணத்தின் வீட்டில் அவளே பிடித்தது. டெங்குவில் சொர்ணம் போன மறுவாரம். அழுகை ஓயாத வீட்டில், கட்டிலுக்கடியில் கண்ணாடிக்குழாயோடு தவழ்ந்து தவழ்ந்து பிடித்தாள்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் வளர்கின்றன. ஒரே சூடு, ஒரே ஈரம். சர்க்கரைத் தண்ணீர். அவளுடைய ரத்தம்.

தங்கையைக் கொன்றவற்றைச் சிறைவைத்திருப்பதாகவே நினைத்திருந்தாள்.

காலையில் சோதனை முடிவு வந்திருந்தது. இதே கூட்டத்திலிருந்து சிலவற்றைத் தனியே பிரித்து, வைரஸ் கலந்த ரத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பெரும்பாலானவற்றில் வைரஸ் வயிற்றோடு அடங்கிவிட்டது. சொர்ணத்தின் தெருவில் புதிதாகப் பிடித்தவற்றில் எச்சில்வரை ஏறியிருந்தது; அவை கடித்தால் நோய் பரவும்.

"கூண்டுலயே வளந்து பரம்பரையே மாறிப்போச்சு, மங்கை" என்றார் ஆய்வகத் தலைவர் யேசுவடியான். "இத வச்சு அந்தத் தெருவுக்கு நாம ஒண்ணும் சொல்ல முடியாது. அழிச்சிட்டு, புதுசாப் பிடிச்சு ஆரம்பிங்க."

தலையாட்டினாள்.

கொன்றவை வெளியில்தான் இருந்தன.

இப்போது ஒன்று மட்டும் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. அது வயிறு நிரம்பி எழும்வரை காத்திருந்தாள்.

பிறகு கூண்டைத் தூக்கி உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மாலையில் சொர்ணத்தின் வீட்டுக்குப் போனாள். தங்கையின் கணவர் மறுமணம் செய்திருந்தார். புது மனைவி தாமரைதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"கொசுப்புழு எடுக்கணும்மா" என்றாள் மங்கை.

பிரிட்ஜின் பின்புறம், தண்ணீர் வடியும் தட்டை உருவினாள். புழுக்கள் நெளிந்தன. ஒன்று விடாமல் குப்பியில் ஊற்றிக்கொண்டாள். புதிய கூண்டுக்கு அது போதும்.

ஆனால் கிளம்பவில்லை.

தேங்காய் நார் கேட்டு வாங்கினாள். குழாயடியில் குந்தி, தட்டின் ஓரங்களைத் தேய்த்தாள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும், கரும்பொடி போல. காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும்.

தாமரை குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பிடித் தேச்சுட்டா, அடுத்த தடவ ஆராய்ச்சிக்கு எங்க போவீங்க அக்கா?"

இந்த வீட்டில் அவளை யாரும் அக்கா என்று கூப்பிட்டு வெகுகாலமாயிற்று.

தட்டைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தையும் தேய்க்கத் தொடங்கினாள்.