பதினேழாவது ஸ்க்ரூ

பச்சை விளக்கு எரியவே இல்லை.

வாசுகி பட்டனை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். ஆள் உயர கண்ட்ரோல் பெட்டி. நேற்று ஆயுத பூசைக்கு அவள் கதவில் வைத்த சந்தனப் பொட்டோடு, கோவித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பத்து பாகாட் ஊரிலிருக்கும் இந்தப் பட்டறையிலிருந்து மெர்சிங் ஐஸ் ஆலைக்குப் போக வேண்டிய பெட்டி.

இரண்டு வருஷமாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் பெட்டி. உள்ளே டெர்மினல் வரிசையில் எண்பத்து நான்கு ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் ஒரு ஒயரைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். அத்தனையும் அவள் கையால் முடுக்கியது.

சூப்பர்வைசர் பெர்னார்ட் ஈரத்துணியோடு வந்தார். நேற்று எல்லாரும் தேங்காய் உடைத்தபோது, "என் சாமி வேற" என்று சொல்லி, தன் மேசையில் மாதா படத்துக்கும் நீல மெழுகுவத்திக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்தவர்.

"அலமாக்! கரண்ட் பெட்டிக்குச் சந்தனம் பூசினா எப்படிமா ஓடும்?"

"அது கதவு மேலதானே இருக்கு அண்ணே. உள்ள ஒரு சொட்டு வைக்கலையே."

"அப்ப ஸ்க்ரூ லூசு லா. அரை மணி நேரம் தரேன். ஓடலன்னா நாளையிலேருந்து மறுபடி ஸ்டிக்கர்தான்."

வாசுகி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பாவம், சண்டை போடவும் நேரமில்லை.

முதல் ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பித்தாள். முடுக்கிப் பார்த்து, ஒயரை ஒரு இழு. அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை.

பதினேழு. நேற்று ஒயர் தீர்ந்துபோனதால் காலியாக விட்டு, காலையில் வந்து அவசரமாகச் சொருகியது. ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. இழுத்தாள்.

பால் பல் மாதிரி ஒயர் கையோடு வந்துவிட்டது.

துளைக்குள் ஏதோ நீலமாக அடைத்திருந்தது. ஒயரின் தோல்தான் என்று நினைத்து, ஊசியால் நெம்பினாள். வழவழவென்று சுருண்டு வந்தது. இவ்வளவு நேரமும் ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்திருந்தது ஒயரை இல்லை, இதைத்தான்.

சுரண்டித் துடைத்து, ஒயரை அடிவரை சொருகி முடுக்கினாள். பட்டனை அழுத்தினாள்.

பச்சை!

உள்ளே வந்து பார்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர் கை தட்டினார்.

வாசுகி அவருக்குத் தெரியாமல், விரல் நுனியில் ஒட்டியிருந்த நீல மெழுகுச் சுருளை பெர்னார்டுக்கு மட்டும் காட்டினாள்.

"அண்ணே, அடுத்த தடவை நீங்களும் கதவு மேலேயே வைங்க."

பெர்னார்டின் பார்வை தன் மேசைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"உன்னோட முதல் பெட்டி... நல்லபடியா போய்ச் சேரணுமேன்னுதாம்மா..."

கொண்டுவந்த ஈரத்துணியால் கதவை மேலிருந்து கீழ்வரை துடைத்தார்.

பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போய்த் துடைத்தார்.