நாலாவது கியர்

நீல்சன் ரோட்டிலிருந்து 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் என் மனுசி பேபி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கார் போச்சு என்று நினைத்தேன்.

இன்றைக்கும் அவள் இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் ஊரான அஜக்ஸ் வரை வந்தால் காரை விற்றுவிடுவது என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். வழியில் பிக்கரிங்கில் ஒருவர் வாங்குவதற்குக் காத்திருந்தார்.

1970ஆம் ஆண்டு ஷெவெல் கார். கனடாவுக்கு வந்து நான் வாங்கியவற்றில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டுக்கு, பிள்ளைக்கு, ஊருக்கு.

பெரிய எஞ்சின். ஆனால் மூன்றே மூன்று கியர் உள்ள பழைய ஓட்டோமற்றிக். எங்கள் மல்வேர்ன் தெருக்களில் ராசா மாதிரிப் போகும். 401இல் நூறைத் தொட்டதோ இல்லையோ, நாலாவது கியர் இல்லாத குறையை எஞ்சின் கத்திக் கத்தியே தீர்த்துக்கொள்ளும். உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது.

மகள் ஜெசிகா அஜக்ஸில் வீடு வாங்கிப் போனதிலிருந்து சனிக்கிழமைகளில் இதே பாதை, இதே கத்தல்.

பேபி ஒருநாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. வாசலில் அவளுடைய கார் சும்மாதான் நிற்கும். அதில் போவோம் என்றும் சொன்னதில்லை. ஏறுவாள், பெல்ற்றைப் போடுவாள், 401 வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜெசிகாவின் வாசலில்தான் பிறகு அந்த முகத்தைப் பார்க்கலாம்.

வாய் திறந்து ஏசுகிற மனுசியை எப்படியாவது சமாளித்துவிடலாம். பேசாமல் பொறுத்துக்கொண்டு வருகிறவளை என்ன செய்வது?

அதனால்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க நானும் என் கூட்டாளி ஜூலியஸும் கராஜில் காருக்குக் கீழே கிடந்தோம். ஜூலியஸ் ட்ரக் திருத்துகிறவன். பழைய காரைக் கண்டால் அவனுக்குச் சாப்பாடும் வேண்டாம். பழைய கியர்பொக்ஸைக் கழற்றி, வேகத்திலும் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவ் உள்ள நாலு கியர் ஓட்டோமற்றிக்கை ஏற்றினோம். புதியது நீளம் கூடியது. அதைத் தாங்குகிற சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டி வந்தது. பின்சில்லைச் சுழற்றும் ஷாப்ற்றை வெட்டிக் கட்டையாக்கவேண்டி வந்தது. என் முதுகு இன்னும் நேராகவில்லை.

வேலை முடிந்தபோது, பேபி அக்கா இனி இதற்குள் நித்திரையே கொள்ளலாம் என்று ஜூலியஸ் சத்தியம் செய்தான்.

பேபிக்கு நாங்கள் மூச்சும் விடவில்லை. கேட்டபோதெல்லாம் ஓயில் மாற்றுகிறோம் என்றேன். மாதக்கணக்கில் ஓயில் மாற்றுகிற இரண்டு ஆம்பிளைகளைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ தெரியாது.

மாற்றிய பிறகு பேபியோடு இன்றைக்குத்தான் முதல் ஓட்டம். எண்பது. வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன். தொண்ணூறு. மூன்றாவது கியரில் எஞ்சின் வழக்கம்போலத் தொண்டையைக் கிழித்தது. பேபியின் தலை அந்தப் பக்கம்தான்.

நூறு. காலை மெல்லத் தளர்த்தினேன்.

சின்னதாக ஒரு தட்டல். நாலாவது விழுந்தது. எஞ்சின் சுற்றைக் காட்டுகிற, மூவாயிரத்தில் நின்ற ஊசி இரண்டாயிரத்துக்கு இறங்க, அவ்வளவு சத்தமும் ஒரேயடியாக அடங்கியது.

வாய் நிறைந்த சிரிப்போடு நான் பேபியின் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் கேட்டது.

ரேடியோ இல்லை. அந்தக் காரின் ரேடியோ செத்துப் பல காலம்.

பேபி பாடிக்கொண்டிருந்தாள்.

முணுமுணுப்பு இல்லை. எஞ்சினோடு போட்டிக்கு நிற்கிற குரல், அடிவயிற்றிலிருந்து. ஏதோ பழைய சினிமாப் பாட்டு. சுருதி ஒரு பக்கம் போக, தாளம் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கே எல்லாரும் பாடும்போது அவள் வாயை மட்டும்தான் அசைப்பாள். சின்ன வயதில் கொன்வென்றில் ஒரு சிஸ்ரர் அப்படிச் செய்யச் சொன்னாராம். அதோடு பாட்டை விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அரை வரிதான் பாடியிருப்பாள். பிறகு அவளுக்கும் தன் குரல் கேட்டுவிட்டது.

பாட்டு அப்படியே அறுந்தது. கழுத்து விறைத்தது. அவள் திரும்பவே இல்லை.

"இஞ்சருங்கோ, எஞ்சின் நிண்டு போச்சோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை சனிக்கிழமைகள் என் பக்கத்தில் இருந்துகொண்டு, இவ்வளவு சந்தோசமாகவா வந்தாய்?

கேட்கவில்லை. கேட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

"இல்லையப்பா, கியர் ஒண்டு விலத்திப் போச்சு. இப்ப சரியாக்கிறன்," என்று சொல்லிவிட்டு, கியர் லீவரை ஒரு படி பின்னுக்கு இழுத்தேன்.

மூன்றாவது கியர். ஊசி மறுபடி மூவாயிரத்துக்குப் பாய்ந்தது. ஒரு குளிர்காலத்துப் பாடு ஒரு கை இழுப்பில் போயிற்று. ஜூலியஸ் பின்சீற்றில் இருந்திருந்தால் கதவைத் திறந்து குதித்திருப்பான்.

காருக்குள் பழைய கத்தல் நிறைந்தது.

ரூஜ் ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் பேபி அசையவில்லை. நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவன்போல இருந்தேன். பிறகு ஓரக்கண்ணில் அவளுடைய தோள் மெல்ல ஆடத் தொடங்குவது தெரிந்தது.

பிக்கரிங் வந்தது, போனது. அங்கே காத்திருந்தவர் வேறு கார் பார்க்கட்டும்.

வெஸ்ற்னி ரோட் வந்தது. ஜெசிகா வீட்டுக்கு 401ஐ விட்டு இறங்கவேண்டிய இடம். பேபியின் தோள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியவில்லைப் போல.

நான் இறங்கவில்லை. அடுத்த ஊரான விற்பிப் பக்கம் நேரே விட்டேன்.