திசை மாறாத இரும்பு

சுவிட்சைத் திருப்பினாலும் திரையில் எண்ணிக்கை மாறவில்லை.

காலித் மறுபடி திருப்பினான். அதே எண்.

ஆய்வகத்தின் வாசலில் அவன் பெட்டி நின்றது. ஐந்து வருடம் இங்கே கருவிகளைப் பராமரித்தவனுக்கு இனிப் புனேயில் வேலை. நாலு மணிக்கு ஓசூரில் பஸ். இப்போது மூன்று ஐந்து.

ஒன்பது நாளாக ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத மனைவி சானியா, மதியம் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"மெஷின் ஓடல. போறதுக்குள்ள ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

போகட்டுமா என்று அவன் கேட்கவில்லை. போகாதீங்க என்று அவள் சொல்லவில்லை. வீம்பில் இருவரும் ஒரே எடை.

இரும்புத் தகட்டின் மேல் ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சும் கருவி அது. அயனிகள் எல்லாம் ஒரே திசையில் சுழலும். இரும்பின் மேற்பரப்பில் எதிர்த்திசையில் சுழலும் எலக்ட்ரான் கிடைத்தால் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும். கிடைக்காதவை வந்தபடியே திரும்பும். திரும்பியவற்றை எண்ண வேண்டும். சுவிட்சைத் திருப்பி, இரும்பின் காந்தத் திசையை மாற்றிவிட்டு இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சானியாவின் மூன்று வருட ஆராய்ச்சி.

இன்று வித்தியாசமே இல்லை.

பக்கத்து மேசையில் அவள் நோட்டில் எதையோ எழுதினாள், அடித்தாள், எழுதினாள். நிமிரவில்லை.

வெளியே ஹாரன். அவனை ஓசூருக்குக் கூட்டிப்போக வந்த டிரைவர் பெருமாள் கத்தினார். "காலித் சார், சானமாவு காட்டுல யானை ரோட்டுக்கு வருதாம்! அது வழிய மறிச்சா பஸ்ஸு டாட்டா காட்டிட்டுப் போயிரும்!"

பம்ப் சரி. கரண்ட் சரி. காலித் டார்ச்சோடு கருவிக்குப் பின்னால் தரையில் படுத்தான்.

காந்தச் சுருளுக்குப் போகும் ஒயர் தனியாகத் தொங்கியது. சுருளுக்குக் கரண்ட் போகாமல் இரும்பு எப்படித் திசை மாறும்? ஒரு நிமிட வேலை.

நீட்டிய கை நின்றது.

கழற்றிய ஸ்க்ரூவை யாரோ பத்திரமாகத் திரும்ப முடுக்கியிருந்தார்கள். ஒயர் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி, பிரிப்பவர் நகம் நோகாதபடி, சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது.

அவன் வீட்டுச் சமையலறையில், டேப் ஒட்டிய ஒவ்வொரு ரவை பாக்கெட்டிலும் மிளகாய்த்தூள் பாக்கெட்டிலும் அந்த மடிப்பு உண்டு.

"என்னாச்சு?" சானியா நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்.

காலித் டார்ச்சை அணைத்தான்.

"பெரிய ஃபால்ட்டு. இன்னிக்கு ஆவாது. பெருமாள் அண்ணனப் போகச் சொல்லிரு."