கடைசிப் பந்தி

தாடி அரித்தது.

சொறிய முடியாது. உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறவர் தாடியைச் சொறிந்தால் சனம் சிரித்துவிடும்.

கோயில் திருவிழாவில் பொதுத்தீர்வை நாடகம்; உலக முடிவில் எல்லா ஆத்துமாவுக்கும் தீர்ப்பு. அவர்தான் நடுத்தீர்க்க வந்த ஆண்டவர். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற தொண்டை என்பதால் உபதேசியார் ரபேல் அவரைப் பிடித்துப் போட்டிருந்தார். ஒத்திகையில் ஓர் ஆத்துமாவை "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நரகத்துக்கு அனுப்பி, நன்றாக ஏச்சு வாங்கினார்.

மற்றபடி சுலபமான வேலை. வலது கையைத் தூக்கினால் மோட்சம். இடது கையைத் தூக்கினால் நரகம்.

நடுவில் ஒன்றும் கிடையாது.

"தீர்ப்புன்னா தீர்ப்புதான்," என்று உபதேசியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அழுதாலும் பெரண்டாலும் மாத்தப்பிடாது."

மேடையின் வலப்பக்கம் காகிதச் சிறகு கட்டிய சம்மனசுகள். இடப்பக்கம் தீ வரைந்த படுதா.

அடுத்து வரவேண்டிய ஆத்துமா, ஈவிரக்கமில்லாத பணக்காரன். சிலுவைமிக்கேல் நடிப்பதாக இருந்தது. மத்தியானத்திலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு.

பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையேறியது இன்னாசி.

ஆண்டவரின் சொந்த மச்சான்; மனைவி வியாகுலத்தின் அண்ணன்.

அரிப்பு சட்டென்று நின்றுபோனது.

இன்னாசியோடு அவர் பேசி வருஷக்கணக்காகிறது. எதிரே வந்தால் தெரு மாறிப் போவார். வியாகுலத்தையும் அண்ணன் வீட்டுப் படி மிதிக்க விடவில்லை. ஏன், ஏன் என்று கேட்டு அவள் ஓய்ந்துவிட்டாள். இன்னாசியும் ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை.

வெளியே சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

வசனத்தைத் தொடங்கினார்.

"பசியோடு வந்தேன். நீ எனக்குச் சோறு போடவில்லை."

குரல் கரகரத்தது. ஒத்திகையில் இப்படிக் கரகரத்ததே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இன்னாசி மண்டியிட்டு, அவசரமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை ஒப்பித்தார்.

"ஆண்டவரே, நீர் எப்போது பசியோடு வந்தீர்? நான் எப்போது சோறு போடாமல் விட்டேன்?"

உன் வாசலில் வந்து நின்ற ஏழை நானே என்று அவர் சொல்ல வேண்டும்.

"ஒம்ம மவ கல்யாணத்துல," என்றார்.

மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

இன்னாசி தலையைத் தூக்கிப் பார்த்தார். பணக்காரன் முகம் போய், சொந்த முகம் வந்திருந்தது.

"எந்தப் பந்தியில, மாப்ள?"

"கடைசிப் பந்தியில. வந்த சனத்தயெல்லாம் உக்கார வச்சிட்டு நான் கடைசியில போய் உக்காந்தேன். கறி இல்ல. பருப்பு இல்ல. ரசத்த ஊத்திட்டுப் போயிட்டானுவ. வீட்டு மாப்பிள்ளை சாப்பிட்டானான்னு ஒரு ஆளு கேக்கல."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆட்டையே அறுத்திருப்பேனே."

"கேட்டு வாங்கித் திங்கவா வந்தேன்?"

"அது நியாயந்தான்," என்றது கூட்டத்தில் ஒரு பெண்குரல்.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், பலூன்காரன் வரைக்கும் எட்டியது. நல்லவேளை, அவர் பாதி முகத்தைப் பஞ்சுத் தாடி மூடியிருந்தது.

இன்னாசி சிரிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புத்தான், மாப்ள."

மேடை ஓரத்திலிருந்து உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார். "எடது கை! எடது கைய்யி!"

அவருடைய வலது கை மடியைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது.

ஆனால் மண்டியிட்டவனையெல்லாம் அந்த நேரத்தில் மன்னித்துவிட்டால் அப்புறம் என்ன தீர்வை, என்ன நாடகம்?

இடது கையைத் தூக்கினார்.

கரி பூசிய இரண்டு பசாசுகள் வந்து இன்னாசியை இழுத்தன. ஐயோ, அம்மா என்று அலறிக்கொண்டு போக வேண்டும். இன்னாசி மறந்துவிட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படுதாவுக்குப் பின்னால் போனார்.

நல்ல கைதட்டல்.

இன்னாசி ஊர் பார்க்கத் தன்னிடம் கை கூப்பி நிற்பதை அவர் எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இனித்தது.

இப்போது இனிக்கவில்லை.

அங்கியைத் தூக்கிப் பிடித்தார். சிம்மாசனத்தைவிட்டு இறங்கினார். இடப்பக்கம் நடந்தார்.

நரகத்தில் இன்னாசி ஒரு கவிழ்த்த மீன்கூடைமேல் உட்கார்ந்து, சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவரைக் கண்டதும் பசாசுகள் பீடியை அணைத்தன.

"தள்ளி உக்காரும், மச்சான்."

இன்னாசி தள்ளி உட்கார்ந்தார். கூடை இரண்டு பேரைத் தாங்காமல் நெரிந்தது.

"சாப்பிட்டீரா, மாப்ள?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

வெளியே அரவம் அடங்கியிருந்தது. படுதாக் கிழிசல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஆத்துமா மேடையேறிவிட்டது. தன் கடைசிப் பிடி மாவையும் பிச்சையிட்ட புண்ணியவதி. வியாகுலம்தான். ஒன்றுமில்லாத சிம்மாசனத்தின் முன்னால் வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள்.

உபதேசியார் வலப்பக்கம், வலப்பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சம்மனசுகள் ஜிகினாக் கிரீடத்தை நீட்டி, "வாங்க அத்த, வாங்க," என்றன.

வியாகுலம் வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள்.

"அங்க எனக்கு யாரு இருக்கா?"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தீயைப் பார்த்து நடந்து வந்தாள்.