முன்னால் போகிறவன்

கண்ணாடியில் மறுபடியும் அந்த வெள்ளைக் கார்.

உள்ளே இரண்டு ஹெல்மெட்டுகள். கறுப்பு, சம்பத்துடையது. ஆரஞ்சு, முன்னால் காரோட்டிப் போகிறவனின் மனைவியுடையது.

ஆரஞ்சு ஹெல்மெட் கறுப்புப் பக்கம் சாய்ந்தது. ஏதோ சொல்கிறாள். இல்லை, சிரிக்கிறாள். ஹெல்மெட்டுக்குள் ஒருத்தி சிரிப்பது கண்ணாடியில் தெரியாது.

அவனுக்குத் தெரிந்தது.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. வெள்ளைக் கார் சுருங்கிப் புள்ளியானது.

அப்பாடா.

அந்த அப்பாடா அடுத்த வளைவு வரைதான். பிரேக்கை மிதித்து, திரும்பி, அவன் நிமிர்வதற்குள் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சம்பத்தின் அப்பா காய்கறி வாங்கப் போய்வந்த கார் அது.

நேர்ப்பாதையில் கார் ஓடியது. வளைவுகளில் அவன் ஓட்ட வேண்டியிருந்தது. அதுதான் தொல்லை.

இது பந்தயமும் இல்லை. கோவைக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில், ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காரைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம். காலையில் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வழி காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம்.

கை நீளாவிட்டால் முந்தக் கூடாது.

அவன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

காலையில் அவள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான். நண்பர்களிடம் இஞ்சின், பிக்கப் என்று என்னென்னவோ அளந்துவிட்டான். உண்மை ஒன்றுதான். அவள் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து, வேகம் தாங்காமல் கத்திச் சிரிக்க வேண்டும்.

கத்தினாள்.

சிரிக்கவில்லை.

கதவை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியவள் இறங்கும்வரை திறக்கவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று நிழலில் போய் உட்கார்ந்தாள். சம்பத் மோர் வாங்கிக் கொடுத்தான். பயம் தெளிய என்னோடு ஒரு ரவுண்டு வரட்டுமே என்று கேட்டான். போய்ட்டு வா என்று மனைவியிடம் தாராளமாகச் சொன்னவனும் அவனேதான்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். சம்பத் மாதிரி யோக்கியன் ஊரில் கிடையாது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வளைவின் ஓரத்தில் நின்றவர் நீலக் கொடியைக் காட்டினார். பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்று அர்த்தம்.

அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று முடிவு செய்தான்.

அடுத்த வளைவிலும் நீலக் கொடி. அங்கே நின்றவர் ஆட்டிய ஆட்டத்திலேயே வசவு இருந்தது.

சம்பத் ஹாரன் அடிக்கவில்லை. லைட் போட்டுக் காட்டவில்லை. பாவி, பொறுமையாக வந்தான். அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணாடியில் ஆரஞ்சு ஹெல்மெட் நிமிர்ந்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி அவனைப் பார்த்து ஆட்டினாள். குழந்தைகள் ரயிலுக்கு ஆட்டுவது போல.

எதையும் பிடித்துக்கொள்ளவில்லை அவள்.

பதிலுக்குக் கை அசைக்க ஆசையாக இருந்தது. அசைத்தால் சம்பத் அதை வழி என்று எடுத்துக்கொள்வான்.

அசைக்கவில்லை.

கடைசி ரவுண்டு வரை அவனே முன்னால் போனான்.

எல்லா வண்டிகளும் தடத்தைவிட்டு வெளியே வந்து நின்றன. கொடிக்காரர்களில் ஒருவர் நேராக அவனிடம் வந்தார். கொடியைப் பார்க்காதவருக்கு அடுத்த சுற்று கிடையாது, கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் தலையாட்டினான். அதனால் ஒன்றுமில்லை. கடைசி வரை வழி விடவில்லை அல்லவா.

அவள் ஓடி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. இவ்வளவு அழகாக அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"பயமா இருந்துச்சா?"

"பயமா? இல்லவே இல்லீங்க. ஆனா நீங்க முன்னாடியே போனீங்களா, பாதி வேகத்துலதான் வந்தோமாம். வழி கிடைச்சா எப்படிப் போகும்னு காட்டறேன்னு அண்ணா சொல்றாருங்க. இன்னொருக்கா போய்ட்டு வந்தர்றேனுங்க."

அங்கே வெள்ளைக் கார் வரிசையில் போய் நின்றுவிட்டது. முதல் இடம். அதற்கு முன்னால் யாரும் இல்லை.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தாடையைத் தூக்கி அவனிடம் காட்டினாள். பட்டையை வளையத்தில் கோத்து மாட்ட அவளுக்கு வரவில்லை.

அவன் கோத்துவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடுங்க," என்றாள். "இந்தத் தடவை வேகமாப் போவாருங்க."

இறுக்கினான்.

மூச்சு முட்டாமல் இருக்கிறதா என்று தாடைக்குக் கீழே இரண்டு விரல்களை விட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. கழுத்து நரம்பு சந்தோஷத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

விரல்களை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.