கைநாட்டு

1982-ஆம் வருஷம் வரை தாண்டவராயன் யாரையும் நம்பியதில்லை. தன் பல்லையே நம்பமாட்டார். படிப்பு வாசனை கிடையாது. அதனால் உத்திரமேரூரில் பலகை மாட்டி இலவசமாக மனு எழுதித் தந்த வாலிபனிடம் போய் உட்கார்ந்தார்.

"தாசில்தாருக்கு எழுது தம்பி. எங்க தெருவுல சாய்பு பசங்க, எல்லாருக்கும் படிப்பு சொல்லித் தரோம்னு கொட்டாய் போடறானுங்க. வுடக்கூடாது."

வாலிபனின் பேனா கொஞ்சம் நின்றது. "இன்னா காரணம் எழுதட்டும், பெரியவரே?"

"அவனுங்கள நம்ப முடியாது. அதான் காரணம்."

எழுதிப் படித்துக் காட்டினான்.

"'ஒருபோதும்'னு சேத்துக்கோ."

சேர்த்தான். கைநாட்டு வாங்கிக்கொண்டு, அதன்கீழ் தானும் ஏதோ எழுதினான்.

அதுதான் பெரியவருக்கு உறுத்தியது. நேரே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேதகிரியிடம் நீட்டினார். "எதுனா வுட்டுட்டானா பாரு!"

"ஒண்ணும் வுடல. 'ஒருபோதும்' கூட கீது. கீழே, 'எழுதியவர்: ஜைனுலாப்தீன், செயலாளர், முஸ்லிம் இளைஞர் நற்பணி மன்றம்.' பலகையிலியே போட்டுகீதே, பாக்கலியா?"

தாண்டவராயன் வந்த வழியே திரும்பினார்.

"உன் மேலயே மனு எழுதிக் குடுத்தியாடா?"

"நீங்க சொன்னதை எழுதறதுதானே என் வேலை?"

மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன் கொட்டாயில இந்தக் கைநாட்டுக்கு ஒரு எடம் கீதா?"

"கீது. இந்த வயசுல படிச்சு இன்னா பண்ணப் போறீங்க?"

"அடப் போடா! படிக்கத் தெரிஞ்சிருந்தா இந்த மனுவை எழுத உன்கிட்டயா வந்திருப்பேன்?"